காத்துக்கு முதுகைக் குடு

மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவின்ர முழங்கால் நோவு குறைவு. விதைப்பு முடிஞ்சு பயிர் நல்லா நிக்குது. இவ்வளவு நாள் மறுமொழி போடாததுக்கு ஏச்சை நீ வரேக்க வாங்கிறன், இப்ப எழுதிறது வேற அலுவலுக்கு.

கட்டையன்ர மூத்தவன் போன கிழமை சாகப் பாத்தவன். தண்ணியில தாண்டுமில்லை, பாம்பு கடிச்சுமில்லை. குளிரில. வன்னியில குளிரோ எண்டு நோர்வேயில இருந்துகொண்டு சிரிக்காதை.

இறாலுக்கு நந்திக்கடல் களப்பில இறங்கினவன். பொழுதுபடத் தொடங்கின மழை, அதோட வடக்கால வாற வாடைக் காத்து. இடுப்பளவு தண்ணியில வீச்சுவலையோட விடிய விடிய நிண்டிருக்கிறான், உடம்பில ஒரு பருத்திப் பெனியனும் சாரமும்தான். நான் கரையால வரேக்க குந்தியிருந்து வலைக் கயித்தை மணிக்கட்டில இருந்து கழட்டப் பாக்கிறான், விரல் மடங்குதில்லை. கேட்டதுக்குச் சொன்ன மறுமொழியும் குழறுது. எனக்குப் பயம் பிடிச்சது அதுக்கில்லை. அவனுக்கு நடுக்கம் நிண்டிருந்தது. நடுங்கிற வரைக்கும் உடம்பு சண்டை பிடிக்குது எண்டு அர்த்தம். ஈர உடுப்போட குளிருக்குள்ள இருக்கேக்கயே நடுக்கம் நிண்டா, உடம்பு தோத்துக்கொண்டு போகுது.

பக்கத்தில நிண்டதுகள் சாராயப் போத்திலை நீட்டுதுகள்! சண்டை பிடிச்சுத் தடுத்தன். குடிச்சாச் சூடு மாதிரிக் கிடக்கும், உள்ளுக்க இருக்கிற மிச்சச் சூடும் தோலுக்கு வந்து காத்தோட போயிடும். ஈரத்தைக் கழட்டி, துவாயால ஒத்தி, கரையில இருக்கிற மீன் வாடிக் கொட்டிலுக்குள்ள கிடந்த சாக்கு, போர்வை எல்லாத்தாலயும் சுத்தினம். விழுங்கிறான் எண்டு கண்ட பிறகுதான் சீனி கனக்கப் போட்ட தேத்தண்ணியை மிடறு மிடறாக் குடுத்தம். பிறகு ஆட்டோவில ஆஸ்பத்திரி. இப்ப ஆள் சுகம். ஆனா நேத்து அதே பெனியனோட திரும்ப இறங்கியிருக்கிறான்!

இதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு. உள்ளுடம்பு 37 பாகையில இருக்கோணும், 35க்குக் கீழ போனா ஆபத்து. ரெண்டே ரெண்டு பாகைதான் இடைவெளி. தண்ணியோ காத்தை விட இருவது மடங்குக்கு மேல கெதியாச் சூட்டை இழுக்கும். நந்திக்கடல் தண்ணி கைக்கு இளஞ்சூடாத் தெரிஞ்சாலும் உடம்பை விடக் குளிர்தானே. அதுக்கு மேல நனைஞ்ச பருத்தி, அதில வாடை.

பெடியளுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான். பெனியனை விட்டிட்டு பந்தடிக்கிற பொலியெஸ்ரர் ஜேசியைப் போடு, அது தண்ணியை வைச்சிருக்காது. மேல மழைக்கோட். கோட் இல்லாட்டி உரப்பை: அடி மூலை ஒண்டை மற்ற மூலைக்குள்ள தள்ளிக் கவிழ்த்தா தலையும் முதுகும் மூடும், எங்கட அப்புமார் அதோடதானே வயலுக்க நிண்டவை. வலை வீசக் கையைத் தூக்கேக்க தண்ணி மணிக்கட்டால ஓடிக் கக்கம் வரைக்கும் போகும், அதுக்குச் சைக்கிள் ரியூப்பை வளையமா வெட்டிக் கோட்டின்ர கைவிளிம்பில போடோணும். எல்லாத்துக்கும் மேல, வாடியில ஒரு காஞ்ச சாரத்தைப் பொலித்தீன் பையில கட்டி வைக்கோணும். அது மட்டும் அண்டைக்கு இருந்திருந்தா!

நீ குடுத்துவிட்ட கோட் அருமையான சாமான், ஒரு சொட்டு இறங்கேல்லை. ஒரு இடத்தில இருந்து தூண்டில் போட அதைப்போல ஒண்டில்லை. வலை வீசினா உள்ளுக்குள்ள வேர்த்து, நனையிறதும் அதுவும் ஒண்டாப் போகுது. குடையைப் பற்றிக் கதையாதை. வாடை ரெண்டே நிமிசத்தில கம்பியை முறிச்சிட்டுது.

தறப்பாள்தான் நம்பக்கூடியது. காத்து வாற பக்கத்தை நிலத்தோட ஒட்டக் கட்டிக் கல்லு வைச்சு, மற்றப் பக்கத்தைத் தூக்கி விடோணும், நடுவில தண்ணி தேங்காத சரிவா. 2009 இல முகாமுக்குள்ள எங்கட சனம் முழுக்கப் படிச்ச வித்தை இது. உன்ர மனுசிக்குத் தறப்பாள் படபடக்கிற சத்தம் கேட்டா இப்பவும் நித்திரை வராது எண்டு தெரியும். அவ வந்தா ஓட்டு வீட்டில இருக்கட்டும், நாங்கள் ரெண்டு பேரும் போவம்.

மார்கழியில இரணைமடுக் குளத்தில தூண்டில் போடோணும் எண்டு எழுதியிருந்தாய். சரி, ஆனா இடத்தை நான்தான் சொல்லுவன். அணைக்கட்டு குளத்தின்ர வடக்குப் பக்கம். அதின்ர தண்ணிப் பக்கச் சரிவில, கல்லடுக்கில இருந்தா வாடை முதுகால வந்து தலைக்கு மேலால போயிடும். மீன் என்னவோ காத்து இரையைத் தள்ளிக்கொண்டு போற மற்றக் கரைக்குத்தான் போகும், அங்க போனா மழை முழுக்க முகத்தில. மீன் இல்லாட்டிப் பரவாயில்லை. நீ எப்ப மீன் பிடிச்சனி, என்ர கூடையில இருந்ததைத்தானே உன்ரை எண்டு வீட்ட கொண்டு போனனி! குளம் நிரம்பி மிச்சத் தண்ணி விடுற வான் கதவு திறந்திருந்தா அந்தப் பக்கமே வேண்டாம். மின்னி முப்பது செக்கனுக்குள்ள இடி கேட்டா தூண்டிலைப் போட்டிட்டு வாகனத்துக்குள்ள ஏறோணும், அதில நான் உன்ர கதை கேக்கமாட்டன்.

இனி விசயத்துக்கு வாறன். கட்டையன் நான் சொன்னா "உனக்குப் பயம்" எண்டு எழும்பிப் போறான். நீ சொன்னாக் கேப்பான், அண்டைக்கும் இண்டைக்கும் அப்படித்தான். இந்த ஞாயிறு அவனுக்கு எடுத்துக் கதை. பெடியன் இறங்கிறதை மறிக்கச் சொல்லாதை, மறிச்சா அடுப்பெரியாது. கோட்டும் மாத்துச் சாரமும் இல்லாமல் இறங்க விடாதை எண்டு சொல்லு. நனைஞ்சாலும் சூடு விடாது எண்டு நீ சொன்ன அந்தக் கம்பளி உள்சட்டை, பழசெண்டாலும் பரவாயில்லை, வரேக்க ரெண்டு கொண்டு வா. ஒண்டு அவனுக்கு, மற்றது எனக்கு.

பிள்ளையளைக் கேட்டதாச் சொல்லு.

உன்ர மச்சான்