முன்பணம் இல்லாத ஒப்பந்தத்தில் விற்பவருக்கு என்ன லாபம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்பணம் வாங்காமலே வீட்டை விற்கும் முறையைப் புகழ்ந்து சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சந்தை நிலவரத்தைவிடக் கூடுதல் விலை, தரகுக் கூலி கிடையாது, பத்து மாதம் கழித்து மொத்தப் பணம். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. அந்தப் பத்து மாதமும் வீடு யார் பிடியில் கிடக்கும் என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய (விற்பனை) ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிந்துவிட்டால், சொத்தின் மீதுள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதன்பின் நல்ல விலைக்கு வேறொருவர் வந்தாலும், அவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார். ரத்து செய்ய, வாங்குவதாக ஒப்பந்தம் போட்டவரும் வந்து கையெழுத்திட வேண்டும். ஐந்து லட்சம் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறவாவது வருவார். ஒரு காசும் கொடுக்காதவருக்கு என்ன அவசரம்?

பத்திர எழுத்தராக இருந்த காலத்தில் கண்ணால் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்க நினைத்த ஒருவர், கெடு முடிந்தபின் ரத்துப் பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் டோக்கன் நேரம் தாண்டும்வரை நின்றார். வர வேண்டியவர் போனையே எடுக்கவில்லை. பிறகு அவர் தன் கையெழுத்துக்கு ஒரு விலை சொன்னார். அதைக் கொடுத்துத்தான் கதை முடிந்தது. கொடுக்காமல் முறுக்கிக்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்றாண்டுகள் வரை அந்த ஆளுக்கு வழக்குப் போட அவகாசம் உண்டு!

இன்னொன்று, காசோலைகளை நம்பிக் கிரயத்தையே முடித்துக்கொடுப்பது. சூரத்தில் 2009-இல் நிலத்தை எழுதிக்கொடுத்தவர்கள், 36 காசோலைகளில் ஆறுக்கு மட்டுமே பணம் வந்தது, அதுவும் 40,000 ரூபாய்தான் என்று 2014-இல் வழக்குத் தொடுத்தார்கள். விலையோ 1.74 கோடி. பாக்கித் தொகைக்காகப் பதிவான கிரயத்தை ரத்து செய்ய முடியாது, பணத்தைக் கேட்டுத்தான் வழக்குப் போட வேண்டும், அவர்கள் போட்ட ரத்து வழக்குக்கும் காலம் கடந்துவிட்டது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தவணை கேட்பதையே நான் குறை சொல்லவில்லை. வங்கிக் கடனுக்குக் காத்திருப்பவருக்கு அவகாசம் தரத்தான் வேண்டும். ஆனால் ரத்துக்கு வர வைக்கும் அளவுக்காவது முன்பணம் வாங்க வேண்டும். கெடு தாண்டினால் ஒப்பந்தம் தானாகவே காலாவதியாகும் என்ற வாசகம் பத்திரத்தில் இருக்க வேண்டும். முழுத் தொகையும் கணக்கில் ஏறும்வரை சாவியும் மூலப் பத்திரமும் விற்பவரிடமே இருக்கட்டும். விற்கும் அதிகாரத்தை வாங்குபவரிடம் ஒப்படைக்கும் பவர் பத்திரம் எழுதிக்கொடுக்கும் பேச்சே வேண்டாம். வாங்குபவருக்கு மாதிரி ஒப்பந்தம் அச்சிட்ட தாங்கள், அடுத்த இதழில் விற்பவருக்கும் ஒன்று அச்சிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், கும்பகோணம்