ஆண்டறிக்கை 2024–25 (தவளை விவகாரம் உட்பட)

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் அறிக்கை வாசிக்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறீர்கள் என்பதால், இந்தத் தடவை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன்.

சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று நட்டோம். பள்ளி ஓவியப் போட்டியும் பறவைக் கணக்கெடுப்பும் வழக்கம்போல் நடந்தன. கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று என்னைக் கேட்காதீர்கள், ஆடுகளைக் கேளுங்கள்.

இனி தவளை. ஜூலை மழையில் காப்பித் தோட்ட ஓரத்தில் நம் உறுப்பினர் ஒருவர் எடுத்த படம், ‘புது இனம்!’ என்று வாட்ஸ்அப் குழுவில் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சருகு நிறத்தில் பொடித் தவளை, வயிற்றில் லேசாக ஆரஞ்சு. அன்று ராத்திரியே பெயர் வரைக்கும் முடிவாகிவிட்டது, நம் சங்கத் தலைவர் பெயர். மறுநாளிலிருந்து, செயலாளர் ஏன் இன்னும் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கவில்லை, அவருக்குப் பொறாமையா என்ற ரீதியில் போன் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் பதிலை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

நம் கூடலூரை ஒட்டிய வயநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிச்சியர்மலையில் இலைச்சருகுக்கு அடியில் ஒரு பழுப்புத் தவளை 2010இல் கிடைத்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், உடம்பெல்லாம் பொடிப்பொடியாக வெளிர்நீலப் புள்ளி, வயிறு பளிச்சென்று ஆரஞ்சு. ஆய்வாளர் விஜயகுமார் குழுவினர் அதை ஆஸ்ட்ரோபட்ராக்கஸ் குரிச்சியானா என்று பெயரிட்டு வெளியிட்டது 2019இல். இடைப்பட்ட காலத்தில் யாரும் தூங்கவில்லை. டி.என்.ஏ.வை மற்றத் தவளைகளோடு ஒப்பிட்டார்கள், எலும்புக்கூட்டை சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த பிரிவு), அதற்கும் மேலே புதுத் துணைக்குடும்பம் என்றே ஆனது. நெருங்கிய சொந்தமான இரவுத் தவளைகளிடமிருந்து அது பிரிந்து ஐந்து கோடி வருடத்துக்கு மேல் ஆகிறதாம். பெயரும் அந்த மலையில் வாழும் குறிச்சியர் மக்களுடையது, எந்தச் சங்கத் தலைவருடையதும் அல்ல.

ஒரு தவளையைப் புதிது என்று சொல்ல, வகைமாதிரியாக, அதாவது அந்த இனத்துக்கே அடையாளச் சான்றாக, ஓர் உடல் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். அதை வனத்துறை அனுமதியோடு எடுத்திருக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை, தொடை, கால், செவிப்பறை என்று காலிபர் வைத்து அளந்து, ஏற்கெனவே பெயருள்ள சொந்தக்காரர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி, முறையாக அச்சில் வர வேண்டும். ஆண் தவளையின் குரல் பதிவும் இருந்தால் நல்லது. நம்மிடம் இருப்பது செல்போனில் எடுத்த படம் ஒன்று, அதிலும் பாதி உறுப்பினரின் கட்டைவிரல்.

அந்தப் படத்தை ஓர் ஆய்வாளரிடம் காட்டினேன். விரல் நுனி வட்டுகளையும் முதுகில் இருக்கும் தோல் மடிப்புகளையும் பார்த்துவிட்டு, இண்டிரானா பேரினத்தின் குட்டியாக இருக்கலாம், அந்தக் கூட்டத்தில் நிறத்தை மட்டும் நம்பி எதுவும் சொல்ல முடியாது என்றார். அதே கூட்டத்திலிருந்துதான் 2016இல் வாக்கரானா என்ற பேரினத்தைத் தனியாகப் பிரித்தார்கள். கோவையில் விலங்கு நலனுக்காக உழைத்த சாலி வாக்கரைக் கௌரவித்து வைத்த பெயர் அது.

சரி, ஏமாற்றம்தான். ஆனால் அதைத் தேடிப் போனதில்தான் இந்த வருடத்தின் நல்ல விஷயம் நடந்தது. ஓடைக்குப் பக்கத்தில் தண்ணீர் கசியும் பாறையில் தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் அல்ல, செங்குத்தான ஈரப் பாறையில். நீளமான வால், அதற்குள் பின்னங்கால் முளைத்தாயிற்று, பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தவை டார்ச் வெளிச்சம் பட்டதும் பாறையிலேயே துள்ளி நகர்ந்தன. இண்டிரானாக்கள் இப்படித்தான் வளரும் என்று படித்திருக்கிறேன், பார்த்தது அன்றுதான். இதைப் பார்க்க வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். படத்துக்கு லைக் போட்டவர்களை எண்ண முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். மொத்தத்தில் கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, அதைவிடப் பாக்கி அதிகம். காலிபர் வாங்கியது ஆடம்பரம் என்று முணுமுணுத்தவர்கள் யாரென்று பட்டியலில் பார்த்தேன், பலருக்கு இரண்டு வருடச் சந்தா நிலுவை. தலையில் மாட்டும் டார்ச் விளக்கை இரவல் வாங்கியவர் இந்த வரியைப் படித்தால் அவருக்கே தெரியும்.

இடம் கொடுத்த நூலகத்துக்கும், ராத்திரியில் தோட்டத்துக்குள் விட்ட உரிமையாளருக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த வருடம் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி வேண்டும். எங்கே, எந்த மாதம், எந்தத் தவளை என்று ஒழுங்காகக் குறித்து வைத்தால், பின்னால் வரும் ஆய்வாளருக்காவது உதவும். நான் செயலாளராகத் தொடர வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். வேறு யாராவது முன்வந்தால் பேரேட்டையும் காலிபரையும் அன்றே ஒப்படைத்துவிடுகிறேன். யாரும் முன்வரவில்லை என்றால், ஜூனில் மழை பிடித்ததும் சனிக்கிழமை இரவு நடை தொடங்கும். வருகிறவர்கள் அட்டைக்கடிக்கு மூக்குப்பொடியும், போன வருடச் சந்தாவும் கையோடு கொண்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்