விளக்கு வண்டித் திருப்பணி: உபயதாரர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

2023 பங்குனி உத்திரத் திருவிழா முடிந்து கொடியிறக்கிய மறுநாள் வசந்த மண்டபத்தில் கூடி, நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது. சுவாமி புறப்பாட்டுக்குச் சூரிய மின்சாரத்தில் வெளிச்சம் தரும் தள்ளுவண்டி, அடுத்த ஆண்டுத் திருவிழாவின் பத்து நாளும் சப்பரத்தின் பின்னால் வந்ததை நேரிலேயே பார்த்தீர்கள். ஆனாலும் பணம் எங்கே போயிற்று, எங்கே தவறினோம், இந்த வண்டியால் எது முடியும், எது முடியாது என்பதை உபயம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எழுத்தில் சொல்வது குழுவின் கடமை.

தீவட்டி பிடித்த காலம் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. கொதிக்கும் விளக்கைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு நான்கு வீதியும் நடந்த பெண்களுக்கு ஓர் இரவுக்கு நாம் கொடுத்த கூலியை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. பின்னர் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிய டீசல் ஜெனரேட்டர். வெளிச்சம் தாராளமாகக் கிடைத்தது. புகையும் இரைச்சலும் அதைவிடத் தாராளம். தென்மேற்கு மூலையில் சப்பரம் நிற்கும்போது ஓதுவார் பதிகம் பாடுவது நம் கோயில் வழக்கம். ஜெனரேட்டர் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க, அவர் பாடியது முதல் வரிசையில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை. ஓர் ஆண்டு அவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கைகூப்பி நின்றதைப் பார்த்தவர்கள் இந்த யோசனைக்கு உடனே இசைந்தார்கள்.

இன்னொரு காரணம் கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாக வயலில் சாய்ந்தன. நம் தெருக்களில் ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் குப்பியை ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் வைத்துக் காத்தார்கள். ஒரு போனில் சார்ஜ் ஏற்றக் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். அப்போது நம் கோயிலிலும் ஒரு விளக்குகூட இல்லை. சுவாமிக்காகச் செய்யும் வெளிச்சம் புயல் நாளில் ஊருக்கும் பயன்பட வேண்டும் என்று கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து சொன்னார். மின்சாரத்தைக் கூரையில் பதிக்காமல் சக்கரத்தில் வைத்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

இனி வண்டி. சட்டத்தை நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்தோம். வெளியூரில் ஆயத்தமாகக் கிடைக்கும் டிராலி விலை குறைவு என்று சிலர் சொன்னார்கள். பழுது வந்தால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. 40 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிளில் அடித்து, முழுச் சட்டத்தையும் துத்தநாகக் குளியலுக்கு அனுப்பி வாங்கினோம். கடல் நமக்கு நாலு கிலோமீட்டர். வெறும் பெயின்ட் அடித்த இரும்பு இந்த உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது.

முதலில் செய்த தவறையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆறு அங்குல இரும்புச் சக்கரங்களை வாங்கிப் பூட்டினோம். கோயில் பிரகாரத்துக் கல்லில் அழகாக உருண்டன. சன்னதித் தெரு மணலில் இறங்கியதும் அச்சு வரை புதைந்து நின்றுவிட்டது. அன்று பட்டறைக்காரர் எதுவும் பேசாமல் குந்தி உட்கார்ந்து, புதைந்த சக்கரத்தின் அருகே சாணால் அளந்தார். மறுநாள் பழைய மொபெட் சக்கரங்கள் நான்கை டயரோடு கொண்டுவந்து அச்சை மாற்றி அடித்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிவிட்டு, அது ஓய்ந்து நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்த பிறகே நட்டை இறுக்கினார். இப்போது 170 கிலோ எடையை இரண்டு பேர் சிரமமில்லாமல் தள்ளுகிறார்கள். வீணான சக்கரங்களின் விலை 5,200 ரூபாய். கணக்கில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

தலா 335 வாட் சோலார் தகடுகள் இரண்டு. கதவு போலக் கீலில் மடியும். பகலில் தெப்பக்குளத்துக் கீழ்க்கரையில் வண்டியை நிறுத்தி விரித்தால், பத்துப் பாகை சாய்வில் தெற்கு நோக்கி நிற்கும். சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடு வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் அந்த மாதங்களில் வண்டியையே திருப்பி வைக்கிறோம். கூரையில் பதித்திருந்தால் இது நடக்காது. விரித்த தகடு காற்றுக்குப் பாய்மரம் போல என்பதால், நான்கு மூலையிலும் திருகு ஜாக்கி, இரண்டு பக்கமும் கயிறு. காற்று பலமானால் மடித்துவிட வேண்டும். எடைமிக்க பேட்டரியை அடித்தட்டில் வைத்தது, மேடு பள்ளத்தில் வண்டி குடை சாயாமல் இருப்பதற்காக.

பேட்டரியில்தான் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் ஈய-அமில பேட்டரி எங்கும் கிடைக்கும். ஆனால் இரண்டு வைத்தாலே நூறு கிலோ தாண்டும். பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஆயுள் குறையும். குலுங்கும் வண்டியில் அமிலம் சிந்தும். ஆகவே லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் எட்டு வாங்கினோம். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி. எட்டும் தொடராகச் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டரை யூனிட். பேட்டரிப் பெட்டியோடு 25 கிலோ. லித்தியம் என்றதும் போன் தீப்பிடித்த செய்தியை நினைத்துப் பலர் அஞ்சினார்கள். இந்த வகைச் செல் அவற்றைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும். அதற்காக அலட்சியம் கூடாது. இந்த அளவுப் பேட்டரி எதுவானாலும், முனைகளுக்குக் குறுக்கே இரும்பு விழுந்தால் அந்த இரும்பையே உருக்கிவிடக்கூடும்.

பாலிடெக்னிக் படித்த நம் தம்பிகள் மூவர் செல்களை அப்படியே கோத்துவிடவில்லை. எட்டையும் முதலில் இணையாகக் கட்டி, 3.65 வோல்ட்டில் மூன்று நாள் மெதுவாக ஏற்றி, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகு ஒவ்வொன்றையும் தனியே இறக்கி அளந்தார்கள். மடைப்பள்ளித் திண்ணையில் பாய் விரித்து, இரவில் முறை வைத்து விழித்திருந்து, அரை மணிக்கொரு தரம் மல்டிமீட்டர் வைத்து நோட்டில் எழுதினார்கள். ஏழு செல்கள் நூறு ஆம்பியர் மணியைத் தொட்டன. ஒன்று 81-இல் நின்றுவிட்டது. தொடரில் பலவீனமான செல் தீர்ந்தால், செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பாதுகாப்புப் பலகை மொத்தப் பேட்டரியையும் நிறுத்திவிடும். ஸ்ரீபாதம் தாங்குவோரில் ஒருவர் தோள் இறங்கினால் சப்பரமே நிற்பது போலத்தான். விற்றவர்களிடம் அந்த நோட்டைக் காட்டி, மூன்று வாரம் அலைந்து, வேறு செல் வாங்கினோம். நோட்டு இல்லாதிருந்தால் நம் பேச்சு எடுபட்டிருக்காது. அது இப்போது கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு விபத்து நடக்கவிருந்ததையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும். தொடக்கத்தில் தகடுகள் இரண்டையும் தொடராக இணைத்திருந்தோம். திறந்த நிலையில் 92 வோல்ட். சோதனையின்போது, நல்ல வெயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு தம்பி இணைப்பியைக் கையால் பிடுங்கிவிட்டார். இரண்டு முனைக்கும் நடுவே நீலத் தீ நாக்கு நீட்டி நின்றது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் அதில் எழும் பொறி தானே அணையும். தகட்டிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அதற்கு அந்த ஓய்வு கிடையாது. இணைப்பியின் முனை உருகியது. தம்பியின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவன் காத்தான். அன்று மாலையே வேலையை நிறுத்தி எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். தகடுகளை இணையாக மாற்றினோம். இப்போது 46 வோல்ட்டைத் தாண்டாது. தகட்டு மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு ஏற்றும், 100 வோல்ட் உச்சம் கொண்ட சார்ஜ் கன்ட்ரோலரும் விளிம்பில் நிற்க வேண்டியதில்லை. ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் மற்றது தன் வேலையைச் செய்யும். நேர்மின்சாரத்துக்கென்றே செய்த பிரேக்கர் வாங்கிப் பொருத்தினோம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 80 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது.

அதனால் வண்டியைத் தொடும் யாரும் மறக்கக் கூடாத முறை இது: பிரேக்கரை அணைத்த பிறகே இணைப்பியைக் கழற்ற வேண்டும். கன்ட்ரோலரில் இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு, கடைசியில் பேட்டரி. இதைச் சிவப்புப் பெயின்ட்டில் பெட்டியின் மூடியில் எழுதியிருக்கிறோம்.

விளக்குகள் விஷயத்தில் நம் மின்பணியாளர் சொன்ன யோசனைக்குக் குழு தலைவணங்குகிறது. கூட்டத்துக்கு நடுவே, ஈரத் தரையில், 230 வோல்ட் ஒயரை இழுத்துக்கொண்டு நடப்பானேன் என்று அவர் கேட்டார். லாரி உதிரிபாகக் கடையில் 24 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் ஆறு வாங்கி, நேரே பேட்டரியிலிருந்து கொடுத்தோம். ஓதுவாரின் ஒலிபெருக்கிக்கும், புயல் நாளில் வீட்டுச் சாமான்களுக்கும் மட்டுமே 1000 வாட் இன்வெர்ட்டர். புறப்பாட்டில் விளக்குகளும் ஒலிபெருக்கியும் மொத்தமாக ஓடினால் 320 வாட். நாலரை மணி நேரப் புறப்பாட்டுக்கு ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

மாசி மாத நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் ஏறியது. கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் அளந்தோம். அரை யூனிட்டைத் தாண்டவே இல்லை. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே கோயில் மின்சாரத்தில் முழுதாக ஏற்றி, தகட்டை மடித்து, வண்டியைக் கல்மண்டபத்துக்குள் கட்டிவிட வேண்டும். மேகம் விலகிய பிறகே சூரியன் கைகொடுக்கும்.

குடிநீர் மோட்டாரை இதில் ஓட்டலாமா என்று பலர் கேட்டார்கள். ஓட்ட முடியாது. அரைக் குதிரைத்திறன் மோட்டாரை மாட்டிப் பார்த்தோம். கிளம்பும் கணத்தில் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுப்பதால் இன்வெர்ட்டர் உடனே நின்றுவிட்டது. போன்கள், விளக்குகள், மின்விசிறி, ஆஸ்துமா நோயாளிக்கு மருந்துப் புகை தரும் கருவி, இன்சுலின் வைக்க ஒரு சிறிய குளிர்பெட்டி, இவ்வளவுதான் இதன் எல்லை. இல்லாததை உண்டு என்று சொல்லி உங்கள் உபயத்தை வாங்க நாங்கள் விரும்பவில்லை.

கணக்கு: வரவு 1,24,300 ரூபாய். தகடுகள் 17,400, செல்களும் பாதுகாப்புப் பலகையும் பெட்டியும் 34,600, சார்ஜ் கன்ட்ரோலர் 7,800, இன்வெர்ட்டர் 9,200, ஒயர், அதன் முனையில் பூட்டும் லக், பியூஸ், பிரேக்கர் வகையில் 8,350, சட்டம், துத்தநாகப் பூச்சு, சக்கரங்கள், பட்டறைக் கூலி 31,500, விளக்குகள் 6,150, ஏற்றுக்கூலி முதலியன 2,700. செலவு 1,17,700 ரூபாய். மீதி 6,600 ரூபாய் கோயில் கணக்கில் வண்டிப் பராமரிப்புக்கென்றே தனியாக நிற்கிறது. ரசீதுகள் எல்லாம் கோப்பில் உள்ளன. பட்டறைக்காரர் கூலியில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். தம்பிகள் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

முதல் நாள் இரவைப் பற்றி எழுதாவிட்டால் இந்த அறிக்கை நிறைவாகாது. கோபுர வாசலில் நாதஸ்வரத்தில் மல்லாரி தொடங்கியபோது, ஜெனரேட்டர் கிளம்பட்டும் என்று பழக்கத்தில் காத்து நின்றோம். கிளம்ப எதுவுமில்லை. விளக்குகள் எரிந்தன, தவிலின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வீதியில் விழுந்தது. தெற்கு வீதியில் வடிகால் பலகை உடைந்த இடத்தில் பின்சக்கரம் இறங்கியது. நான்கு பேர் தூக்கிவிட்டார்கள், விளக்கு அசையவில்லை. தென்மேற்கு மூலையில் சப்பரம் நின்றது. ஓதுவார் ஒலிபெருக்கியை வேண்டாம் என்று கையால் விலக்கிவிட்டுப் பாடினார். எட்டாவது வீட்டுத் திண்ணையில், நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் அதே பதிகத்தை வாய்க்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வரை கேட்டிருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை சில. செவ்வாயும் சனியும் காலையில் தகட்டை ஈரத்துணியால் துடைக்க ஆட்கள் தேவை. உப்புப் படிந்தால் ஏறும் மின்சாரம் குறைகிறது. வெயில் ஏறிய பிறகு சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. மூன்று மாதத்துக்கொரு முறை லக் நட்டுகளை இறுக்கி வாசலின் தடவும் பொறுப்பு தம்பிகளுடையது. கொட்டகைச் சாவி மெய்க்காவலரிடமும் செயலாளரிடமும் இருக்கும்.

கடைசியாக, கீழ்க்கரை இடம். வண்டி நிற்கும் அந்த இடத்தில் முன்பு பதினொரு தென்னைகள் நின்றன. கஜாவில் எல்லாம் விழுந்ததால்தான் அங்கே நாள் முழுதும் வெயில். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே மறுபடி கன்றுகள் வைத்தோம். இப்போது மட்டை ஆள் உயரத்துக்கு மேல் வந்துவிட்டது, மாலை நாலு மணிக்கு ஒரு கீற்றின் நிழல் தகட்டைத் தொடுகிறது. கன்றை வெட்டலாமா என்று இருவர் கேட்டார்கள். வெட்டுவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் வண்டி வடகரைக்குப் போகும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்