டர்பன் – சென்னை: தவறான பயண நேரம் காட்டி டிக்கெட் விற்றது குறித்து

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

அம்மாவும் நானும் சென்னை போய்வர உங்கள் இணையதளத்தில் டிக்கெட் எடுத்தேன். "டர்பன் – சென்னை 7,080 கி.மீ., பயண நேரம் 8 மணி 50 நிமிடம்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போனில் கேட்டபோது உங்கள் ஊழியரும் "ஒன்பது மணி நேரம்தான்" என்றார். பணம் கட்டிய பிறகு வந்த டிக்கெட்டைப் பார்த்தால், துபாயில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும், மொத்தம் 17 மணி நேரம்!

டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமே கிடையாது. கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து துபாய் ஏறக்குறைய 6,600 கி.மீ., அங்கிருந்து சென்னை இன்னும் 2,900 கி.மீ. நீங்கள் போட்டிருக்கும் 7,080 கி.மீ. பூமிப் பரப்பில் இரு ஊருக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம். தூரக் கணக்கு சரி, ஆனால் அந்த வழியில் பயணிகளை ஏற்றிப்போக விமானம் இல்லையே. அதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்துப் பயண நேரம் என்று போட்டிருக்கிறீர்கள்.

திரும்பி வரும் பயணத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் என்று காட்டுகிறீர்கள். அதுவும் தப்பு. சென்னையில் கிளம்பும் நேரத்தை டர்பனில் இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழித்திருக்கிறீர்கள். இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதைச் சேர்த்தால் இதுவும் 17 மணி நேரம்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறார். எப்போது ஊசி, எப்போது சாப்பாடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததெல்லாம் உங்கள் ஒன்பது மணி நேரத்தை நம்பித்தான். ஒரே மூச்சில் போக வேண்டாம் என்று அவர் சொன்னதால் துபாயில் ஓர் இரவு தங்கும்படி டிக்கெட்டை மாற்றக் கேட்டேன். அதற்கும் மாற்றுக் கட்டணம் வாங்கினீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1860-இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் இங்கே ஏராளம். கோயில், கல்யாணம், சொந்த பந்தம் என்று வயதானவர்கள்தான் இந்த வழியில் அதிகம் போகிறார்கள். அவர்களிடம் சரியான நேரத்தைச் சொல்ல வேண்டாமா?

மாற்றுக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். இடையில் இறங்கும் ஊரையும் காத்திருக்கும் நேரத்தையும் பணம் கட்டுவதற்கு முன்பே காட்டுங்கள். தவறான தகவல் தந்து விற்பதை தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடை செய்கிறது. பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.

டிக்கெட், ரசீது, உங்கள் பக்கத்தின் படம், டாக்டரின் கடிதம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்