அனாதைகளின் கிறிஸ்துமஸ்: அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

போன மாதம் போனில் வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். "கிறிஸ்துமஸுக்கு எங்க சாப்பாடு?" என்று கேட்டாய். "ஆர்ஃபன்ஸ் கிறிஸ்துமஸ்னு ஒண்ணு இருக்கும்மா, அங்கதான்" என்றேன். பக்கத்தில் இருந்த தம்பி அதற்கு அர்த்தம் சொல்ல, "நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன், நீ எப்படி அனாதை ஆவ?" என்று போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நம் பேச்சு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தம்பி வாசித்துக் காட்டுவான். இடையில் எதையாவது முழுங்கினான் என்றால் நன்றாகத் திட்டு.

அந்தப் பெயர் இங்கே யாரையும் அழவைக்கிற பெயர் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் பக்கத்தில் இல்லாதவர்கள் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவதற்கு ஆஸ்திரேலியர்கள் அரைக் கிண்டலாக வைத்த பெயர். எங்களைக் கூப்பிடுகிறவர் என்னோடு வேலை செய்பவர், உன் வயதுதான் இருக்கும். அவருடைய மகள் மெல்பர்னில் இருக்கிறாள். 2021 கிறிஸ்துமஸின்போது நாங்கள் இருக்கிற மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம் கொரோனாவுக்காக எல்லையை அடைத்து வைத்திருந்தது. 2022 மார்ச் 3ஆம் தேதிதான் முழுதாகத் திறந்தது. ஒரே நாட்டுக்குள் இருந்தும் பெற்ற பெண்ணைப் பார்க்கப் போக முடியாமல் அவர் எனக்குச் சோறு போட்டார். அன்றைக்கு அந்த மேசையில் யார் அனாதை என்று நீயே சொல்.

வந்த புதிதில், 2019இல், அவர் முதல் முறை அழைத்தபோது 'பிரிங் எ பிளேட்' என்று செய்தி அனுப்பியிருந்தார். பாவம், வீட்டில் தட்டு போதாது போல என்று நினைத்து, கடையில் ஆறு தட்டு வாங்கி, கழுவித் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துப் போனேன். மற்றவர்கள் கொண்டு வந்த தட்டுகளில் இறால், சாலட், பழம் அடுக்கிய பாவ்லோவா என்கிற முட்டை வெள்ளைக்கரு இனிப்பு. என் தட்டுகளில் ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவா என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்களாம். குடியேறி வந்தவர்கள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் எனக்கு வெட்கமாகப் போனது அதனால் இல்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்த தட்டை ஒரு பிடி சீனியாவது வைக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பாயே, உன் வயிற்றில் பிறந்துவிட்டு ஆறு காலித் தட்டோடு போய் நின்றேன் பார்!

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அச்சு முறுக்குதான். நீ கொடுத்தனுப்பிய அச்சை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். பலகாரத்துக்கு என்றேன். அவர் முகம் தெளியவில்லை. அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும், மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும், மேல் விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழன்று வராது என்று நீ அடுப்படியில் நின்று சொன்னது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. முதல் இரண்டு மட்டும் இப்போதும் அச்சோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும்.

2021 கிறிஸ்துமஸ் அன்று 42.8 டிகிரி. எங்கள் ஊர் பெர்த் அதுவரை கண்ட கிறிஸ்துமஸ்களிலேயே கொடுமையான வெயில். ஜன்னலில் பஞ்சால் ஒட்டிய பனி, அதற்கு வெளியே உருகுகிற தார்ச்சாலை. பட்டாசு மாதிரி இழுத்து உடைக்கிற காகிதக் குழலுக்குள் காகிதக் கிரீடம் இருக்கும், எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது வியர்வையில் ஊறி, நெற்றியில் பச்சைச் சாயம் இறங்கிவிட்டது. அந்தப் போட்டோவைத்தான் நீ பார்த்துவிட்டு, அடி பட்டதா என்று கேட்டாய்.

கிறிஸ்துமஸ் மரம் என்றே இங்கே ஒரு மரம் இருக்கிறது. டிசம்பரில் கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி ஆரஞ்சு மஞ்சளாகப் பூக்கும். அழகில் குறை சொல்ல முடியாது, ஆனால் பக்கத்துச் செடிகளின் வேரைப் பிடித்து உறிஞ்சிப் பிழைக்கிற ஒட்டுண்ணி. ஓசிச் சாப்பாடு.

சரி, நான் சுற்றி வளைக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

நீ விடியற்காலை நான்கு மணி ஆராதனையில் நிற்கும்போது இங்கே ஆறரை. போன வருடம், "கோயிலுக்குப் போனியா?" என்று கேட்டாய். "போனேன்" என்றேன். போகவில்லை அம்மா. மூன்று வருடமாகவே போகவில்லை. அலுப்பினால் இல்லை, நேரமில்லாமலும் இல்லை. நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான். 2021 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் நூற்றுக்கு 39 பேர் மதம் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். அவர்களைப் பார்த்துத்தான் கெட்டுப்போனேன் என்று நினைக்காதே, இங்கே வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. உன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே.

அந்த மேசையில் ஜெபம் கிடையாது. சாப்பிடும் முன் வீட்டுக்காரர் கோப்பையைத் தூக்கி, இங்கே இல்லாதவர்களுக்காக என்பார். ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் யாராவது ஈ ஓட்டுவார்கள், இறாலை உரிக்க ஆரம்பிப்போம். நான் அந்த ஒரு நிமிடமும் உன் சேலை முந்தானையில் முடிந்திருக்கிற காணிக்கைக் காசைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதற்குப் பெயர் ஜெபம்தான் என்று நீ சொல்வாய். இல்லை என்று நான் சொல்வேன். போனில் சண்டை போடலாம், வைத்துவிடாமல் இருந்தால்.

மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று வரும். ஃப்ரீமேன்டில் டாக்டர் என்று அதற்குப் பெயர், வெந்து கிடக்கிற ஊருக்கு வைத்தியம் பார்க்க வருகிறதாம். அது வந்ததும் மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காட்டஸ்லோ கடற்கரைக்குப் போவோம். இந்த வருடம் அங்கே தண்ணீரில் கால் நனைத்தபடி, அந்த வீட்டுக்காரர் அச்சு முறுக்கைச் சூரியனுக்கு நேரே பிடித்து ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் தானே சுட வேண்டுமாம், கற்றுக்கொடு என்கிறார்.

என் அச்சின் கைப்பிடி ஆடுகிறது. தம்பி வரும்போது இரண்டு அச்சு கொடுத்தனுப்பு, பூப்போட்டது. மாவுக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு என்று அவர் கேட்டார், நான் கண்ணளவு என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. அளந்து எழுதி அனுப்பு.

உன் மகள்