பெல்ட் இல்லாத ராட்டினங்கள்

மியூனிக்,
அக்டோபர் 19

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை, விருந்தாளிகள். அக்டோபர் விழா (ஆக்டோபர்ஃபெஸ்ட், பெயர்தான் அக்டோபர், தொடங்குவது செப்டம்பரில்) நடக்கும் நாட்களில் மியூனிக்கில் குடியிருப்பவனுக்கு வீடு சொந்தம் இல்லை. என் மச்சான் வந்தான், அவனோடு ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர், அந்த மூவரில் ஒருவனின் தம்பி. ஹாலில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள், கல்யாண வீடு மாதிரி. இப்போதுதான் பாயெல்லாம் சுருட்டி வைத்தோம்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருமே மருந்தில் சிக்கனம் பிடிப்பவர்கள்.

சரி, உன் வம்புக்கு வருகிறேன். அனுவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில், ஒஹாயோவில் சீடர் பாயிண்ட் பூங்கா போனதையும், மில்லேனியம் ஃபோர்ஸ் ரோலர்கோஸ்டரில் 310 அடி உயரத்திலிருந்து விழுந்ததையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, "உங்கள் ஊரில் இதுமாதிரி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். உயரப் போட்டி என்றால் நான் வரவில்லை. நீயே ஜெயித்துக்கொள். ஆனால் அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். மனிதர்களே இல்லை! பெல்ட் மாட்டினார்கள், கம்பி இறங்கியது, ஏறியது, விழுந்தது, நின்றது. பெல்ட்டை இழுத்துப் பார்த்த பையன் உன்னிடம் ஒரு வார்த்தையாவது பேசினானா?

இங்கே நான் வருஷா வருஷம் போய் உட்காரும் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். டாய்ஃபல்ஸ்ராட் என்று பெயர். சாத்தான் சக்கரம். 1910லிருந்து இந்த விழாவில் இருக்கிறது. உள்ளே போனால் இயந்திரம் என்று பெரிதாக எதுவும் கண்ணில் படாது. வழவழவென்று தேய்ந்த, வட்டமான ஒரு மரத்தளம். நடுவில் லேசாக மேடு. சுற்றிலும் மெத்தை வைத்த தடுப்பு. அதற்குப் பின்னால் பார்வையாளர் கூட்டம். அவ்வளவுதான். பெல்ட் கிடையாது, இருக்கை கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு ஆணி கூடக் கிடையாது. தளத்தில் போய் உட்கார வேண்டும், அது சுற்றும், நீ விழுவாய். விழாமல் எத்தனை நேரம் இருக்கிறாய் என்பதுதான் ஆட்டம்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருப்பார். ரெக்கொமாண்டோர் என்பார்கள். பவேரியப் பேச்சில் வாய் ஓயாமல் நக்கல் அடிப்பதுதான் அவர் வேலை. யார் ஏற வேண்டும் என்று அவர்தான் அழைப்பார். ஒரு சுற்றுக்குச் சின்னப் பையன்கள், அடுத்ததற்குப் பெண்கள் மட்டும், அப்புறம் தோல் கால்சட்டை போட்ட ஆண்கள். அழைத்ததும் எல்லாரும் ஓடிப்போய் நடுமேட்டைப் பிடிக்க முண்டியடிப்பார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும். நம் இயற்பியல் வாத்தியார் கயிற்றில் சாக்குக்கட்டியைக் கட்டிச் சுற்றினாரே, அதே கணக்கு. நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக இழுப்பு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதனால் ஓரத்தில் இருப்பவன் முதலில் போவான். போகிறவன் பக்கத்தில் இருப்பவனின் காலைப் பிடிப்பான். இரண்டு பேராகப் போவார்கள்.

கடைசியில் நடுவில் இரண்டு மூன்று பேர் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பார்கள் பார், அப்போதுதான் வேடிக்கை. சும்மா வேகத்தைக் கூட்டித் தள்ளிவிடலாம். அப்படிச் செய்ய மாட்டார்கள். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு பெரிய மெத்தைப் பந்தை ஆட்டி அவர்கள் மேல் விடுவார்கள். அதற்கும் அசையாதவனை, கயிற்றைச் சுருக்குப் போட்டு வீசி இழுப்பார்கள். மைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து வர்ணனை சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசி ஆள் விழும்போது கொட்டகையே இரண்டுபடும்.

இந்த வருஷம் மச்சானின் நச்சரிப்பால் நானும் ஏறினேன். 52 வயதில். நடுமேட்டுக்குப் போகவே விடவில்லை, அவனவன் முழங்கையால் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டேன். மைக்காரர் என்னைப் பார்த்து, "ஐயா, பஸ் இன்னும் வரவில்லை, வசதியாக உட்காருங்கள்" என்கிற அர்த்தத்தில் என்னவோ சொன்னார். புரிந்துகொண்டு சிரித்து முடிப்பதற்குள் மெத்தையில் கிடந்தேன். ஐந்து விநாடி இருந்திருப்பேனா? வெட்கமாக இருந்தது, ஆனால் சேகர், அப்படி வயிறு குலுங்கச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஒருமுறை டிக்கெட் வாங்கினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளேயே நின்று பார்க்கலாம். ஏறாமல் பார்க்க மட்டும் வருகிற பெரிசுகள் நிறைய. அடுத்த வருஷம் நானும் அந்தக் கட்சிதான்.

இதற்குத் தங்கச்சி என்று டொபோகனைச் சொல்லலாம். ஒரு மரக் கோபுரம், அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும் சறுக்கு. சறுக்குவதை யாரும் பார்க்க வருவதில்லை. மேலே ஏறப் படி இல்லை, செங்குத்தான ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், அதில் கால் வைத்து நின்றபடியே மேலே போக வேண்டும். பீர் குடித்துவிட்டு வருகிறவன் கால் வைத்த மறுநொடி மல்லாந்துவிடுவான், மூட்டையைப் போல மேலே போய்ச் சேருவான். வேலையாட்கள் கையைப் பிடித்துக் கூடவே ஓடி ஏற்றிவிடுவார்கள். எதிரே நூறு பேர் காசு கொடுக்காமல் நின்று பார்த்துக் கைதட்டுவார்கள். காசு கொடுத்தவன் வேடிக்கைப் பொருள், கொடுக்காதவன் ரசிகன். இப்படி ஒரு வியாபாரத்தை யோசித்தவனைக் கும்பிடலாம்.

இன்னொன்று கிரினோலின். பழைய காலத்துப் பெண்கள் உள்ளே வளையம் வைத்துக் கட்டிய குடைப் பாவாடையின் பெயர் அது. அந்தப் பாவாடை அசைகிற மாதிரியே ஆடிக்கொண்டு சுற்றும் ராட்டினம். 1924ல் வந்தது. முதலில் ஆட்களே கையால் தள்ளி ஆட்டினார்களாம், பிறகுதான் மோட்டார். நடுவில் நிஜமான பித்தளை வாத்தியக் கோஷ்டி உட்கார்ந்து வாசிக்கும். ஸ்பீக்கர் இல்லை, ஆட்கள்! பயம் என்று ஒரு துளி இல்லை, தொட்டிலில் போட்ட மாதிரி இருக்கும். என் மனைவிக்கு இது ஒன்றுதான் பிடிக்கும். இரண்டு முறை ஏறினாள்.

ஹெக்ஸன்ஷௌகல், சூனியக்காரி ஊஞ்சல், 1894லிருந்து இருக்கிறது. ஒரு அறைக்குள் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பெஞ்சு ஆடும், ஆட்டம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் தலைகீழாகச் சுற்றுகிறோம் என்று வயிறு கலங்கும். உண்மையில் பெஞ்சு லேசாகத்தான் ஆடுகிறது. சுற்றுவது அறை. இந்த ரகசியம் தெரிந்த பிறகும் நான் கம்பியை விடவில்லை. மூளைக்குத் தெரிந்தால் போதுமா, வயிற்றுக்குத் தெரிய வேண்டாமா?

இப்போது கேள், உனக்கு வைத்திருக்கும் வேட்டு. இந்த ஊஞ்சல் உங்கள் ஊர்ச் சரக்கு. 1890களில் அமெரிக்காவில் அமரையா லேக் என்பவர் காப்புரிமை வாங்கியது. சாத்தான் சக்கரம்? நியூயார்க் கோனி ஐலண்டில் ஜார்ஜ் டில்யூ நடத்திய ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவில் இதே மாதிரி மனிதர்களைச் சுழற்றி எறியும் தளம் இருந்தது. அங்கே எல்லாமே இப்படித்தான், உருளும் பீப்பாய், கால் வாரும் தரை, விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கத் தனியாக உட்காரும் இடம். 1964ல் அந்தப் பூங்கா மூடப்பட்டது. உங்களிடம் இருந்ததுதான். உங்கள் ஆட்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள், இங்கே துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு, காப்பீடு என்று நீ காரணம் சொல்வாய். இருக்கலாம். அது மட்டும் இல்லை என்பது என் எண்ணம். இங்கே இந்த ராட்டினங்கள் குடும்பச் சொத்து, தாத்தா மைக்கில் பேசிய இடத்தில் பேரன் பேசுகிறான். பெரிய பூங்கா நிர்வாகத்தில் மைக்காரனின் நக்கலுக்கு எந்தப் பத்தியில் கணக்கு எழுதுவார்கள்?

சோதனை இல்லை என்று நினைத்துவிடாதே. ஜெர்மன்காரன் சோதிக்காமல் ஊஞ்சல் பலகையைக் கூடத் தொங்கவிட மாட்டான். விழா தொடங்குமுன் டியூஃப் என்கிற தொழில்நுட்பச் சோதனை நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள்.

ஆள்தான் ராட்டினம் என்பதற்குப் போன கோடையில் கோபன்ஹேகனில் இன்னொன்று கிடைத்தது. டிவோலி பூங்காவில் 1914ல் கட்டிய மர ரோலர்கோஸ்டர். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பிரேக்காரர் நம்மோடு உட்கார்ந்து வருகிறார். எந்தப் பள்ளத்தில் பிடிக்க வேண்டும், எதில் விட வேண்டும் என்பது அவர் கையில். மழை பெய்தால் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி. எங்கள் ஆள் நல்ல உற்சாகத்தில் இருந்தார் போல, கடைசி இறக்கத்தில் சீட்டிலிருந்து எழும்பிவிட்டோம். நம் ஊர் டவுன் பஸ் டிரைவர்களில் நல்லவர், கெட்டவர் என்று பெயர் வாங்கினவர்கள் உண்டே, அந்த மாதிரி இங்கேயும் இருப்பார்கள் என்று தோன்றியது.

இங்கிலாந்தில் வால்ட்ஸர் என்று ஒன்று, உங்கள் டில்ட்-எ-வேர்ல் மாதிரியே மேடுபள்ளத் தளத்தில் சுழலும் தொட்டிகள். வித்தியாசம், அங்கே பையன்கள் ஓடும் தளத்தின் மேலேயே நடந்து வந்து உன் தொட்டியைக் கையால் சுழற்றிவிடுவார்கள். அதிகமாகக் கத்துகிற தொட்டிக்கு அதிகச் சுற்று. இத்தாலிக்காரர்களின் தகாடா அதைவிட மோசம். பெரிய வட்டச் சட்டி, ஓரமாக பெஞ்சு, பின்னால் பிடிக்கக் கம்பி, பெல்ட் இல்லை. இயக்குகிறவன் பாட்டுக்குத் தாளம் போட்டு அதைக் குதிக்க வைப்பான். வியன்னாவில் ப்ராட்டர் பூங்காவில் பார்த்தேன். பையன்கள் நடுவில் எழுந்து நின்று வித்தை காட்டினார்கள். நான் கீழேயே நின்று எல்லாருடைய பைகளுக்கும் காவல் இருந்தேன்.

மரணச் சுவரும் இங்கே உண்டு, 1932லிருந்து வருகிறது. உள்ளே போனதும் பெட்ரோல் வாசனை. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்க்க நாம் இரண்டு பேரும் பலகையைப் பிடித்துத் தொங்கினோமே, கீழே புல்லட் சுற்றச் சுற்றப் பலகை நடுங்குமே, அதே நடுக்கம். ஓட்டுகிறவன் ரூபாய் நோட்டைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவான், நீ இரண்டு ரூபாயை நீட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாய். இங்கே யூரோவை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரும்பு ராட்சதன் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஒலிம்பியா லூப்பிங் என்ற ரோலர்கோஸ்டர், ஒலிம்பிக் வளையம் மாதிரி ஐந்து சுழி. 1989ல் அன்டன் ஷ்வார்ஸ்கோஃப் செய்தது, 1200 மீட்டருக்கு மேல் தண்டவாளம். இதைக் கழற்றி லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நிரந்தரமாக நிற்கும் ராட்டினம் எத்தனை உயரம் இருந்தால் என்ன? அதே ஷ்வார்ஸ்கோஃப்தான் 1976ல் கலிபோர்னியாவில் உங்களுக்கு ரெவல்யூஷன் ரோலர்கோஸ்டரைக் கட்டிக் கொடுத்தவர். அந்த வகையில் நாம் சம்பந்தி.

அடுத்த செப்டம்பரில் வா. அனுவையும் அழைத்து வா, அவள் நடுமேட்டைப் பிடித்துவிடுவாள், உன்னைப் போல ஓரத்தில் தயங்குகிறவள் இல்லை. ஜீன்ஸ் எடுத்துக்கொள், மெல்லிய பேண்ட் வழுக்கும். எங்கே தங்குவது என்று கேட்காதே, ஹாலில் உன் பாய்க்கு இப்போதே துண்டு போட்டுவிட்டேன், மச்சானுக்குச் சொல்லவில்லை.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். சொட்டு மருந்து.

உன்,
சுந்தர்

பி.கு.: சில சுற்றுக்கு மைக்காரர் "மிஷாயேல் எல்லாரும் ஏறு" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சேகர் எல்லாரும் ஏறச் சொன்னால் முழுத் தளமும் உனக்குத்தான். நான் போய் அவரிடம் பேசி வைக்கிறேன்.