14 நாள் கொடுத்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்?

மத்திய உள்துறை, வெளியுறவுத் துறை அமைச்சர்களுக்கும் விசா விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2022 ஜூலையில் கஜகஸ்தான் மூன்று நாட்டுக்காரர்களை விசா இல்லாமல் வரச் சொன்னது: இந்தியா, சீனா, ஈரான். ஒரு தடவைக்கு 14 நாள், 180 நாளுக்குள் மொத்தம் 42 நாள். அதன்பின் அங்குள்ள பெரிய நகரமான அல்மாட்டிக்கு நம்மவர்கள் எப்படிக் கிளம்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சீனா சும்மா வாங்கிக்கொண்டு இருந்துவிடவில்லை. 2023 நவம்பர் 10 முதல் கஜகஸ்தான் பாஸ்போர்ட்டுக்கு அங்கே 30 நாள் விசா வேண்டாம். நாம் மட்டும் இன்னும் இ-விசா படிவத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் தந்த அதே 14 நாளை அவர்களுக்கும் கொடுங்கள்.

'இ-விசாதானே, வீட்டிலிருந்தே போடலாமே' என்பீர்கள். ஒரு கஜகக் குடும்பத்துக்காக அந்தப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். தாத்தாவின் குடும்பப் பெயர் 'ஒவ்' என்று ரஷ்ய பாணியில் முடியும். மகளுக்கு அதுவே 'ஒவா'. பேரனோ அந்த வாலையே வெட்டிவிட்டு, தாத்தாவின் பெயரைத் தன் கடைசிப் பெயராக வைத்திருப்பான். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பெயர். இனிஷியலோடு வளர்ந்த தமிழருக்கு இது சட்டென்று புரியும், படிவத்துக்குப் புரியாது. போதாக்குறைக்கு, கஜக எழுத்தை ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது அப்பா பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பிள்ளை பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் வந்திருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பார்த்து அப்படியே அடிப்பதுதான் சரி. விவரம் தெரியாதவர்கள் வழக்கமாக எழுதும் மாதிரி அடித்துவிடுகிறார்கள். பணம் கட்டிய பிறகு திருத்த வழியில்லை. தப்பு தெரியவருவது பெரும்பாலும் செக்-இன் கவுண்டரில், ஏர்லைன்ஸ் ஊழியர் பிரிண்ட்அவுட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். கட்டிய பணம் திரும்பாது. வந்திறங்கும் நாளுக்குக் குறைந்தது 4 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் டிக்கெட்டும் போச்சு.

1991க்கு முன் பிறந்தவர்கள் பாடு இன்னொரு விதம். குடியுரிமை பிறப்பால் வந்ததா, பிறகு பெற்றதா என்று படிவம் கேட்கிறது. அவர் பிறந்தபோது இருந்தது சோவியத் ஒன்றியம். அந்த நாடுதான் அவரை விட்டுப் போனது, அவர் எங்கும் போகவில்லை. எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அடுத்து, தாத்தா பாட்டி பாகிஸ்தான்காரர்களா என்று கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் பிறந்த கைக்குழந்தைக்கும் ஒரு கேள்வி. பாஸ்போர்ட் பக்கம் 300 கேபிக்குள் பிடிஎஃப் ஆக வேண்டும். போனில் எடுத்த படத்தைச் சுருக்கினால் எழுத்து மங்கிவிடும், சுருக்காவிட்டால் தளம் ஏற்காது. இதில் அரசுத் தளம் போலவே வேஷம் போட்டுக் கூடுதலாகக் கறக்கும் தளங்கள் வேறு.

பாதுகாப்பு என்று சொன்னால் மறுக்க மாட்டோம். ஆனால் கஜகஸ்தான் 2009 முதல் சிப் பதித்த பயோமெட்ரிக் பாஸ்போர்ட் தருகிறது. பயணிகள் பட்டியலை விமான நிறுவனங்கள் முன்கூட்டியே உங்களுக்கு அனுப்புகின்றன. இறங்கியதும் இமிக்ரேஷனில் கைரேகை எடுக்கிறீர்கள். இவ்வளவுக்கும் மேல் அப்பாவின் பிறந்த ஊரைத் தெரிந்துகொண்டு என்ன பிடித்தீர்கள்?

நம் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பில்லை என்று ஒவ்வொரு வருடமும் தரவரிசை வரும்போது புலம்புகிறோம். அந்தப் பட்டியலில் நமக்கு மேலே இருக்கிற நாடு கஜகஸ்தான். துருக்கி, தென்கொரியா, மலேசியா, தாய்லாந்து எல்லாம் அதன் மக்களை விசா இல்லாமல் விடுகின்றன. பனியில் உறைந்து வெயிலுக்கு ஏங்கும் அல்மாட்டிக் குடும்பம், விசா படிவமே இல்லாத தாய்லாந்தின் பட்டாயாவுக்குப் போகுமா, கோவாவுக்கு வருமா? 2022 ஜனவரியில் மத்திய ஆசியத் தலைவர்களோடு காணொலி வழியே உச்சி மாநாடு நடத்தினோம். திரையில் நட்பு பொங்கியது. விசா பிரிவு வரைக்கும் அது வழிந்து வரவில்லை போலும். கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

வேலை, படிப்பு, சிகிச்சைக்கான விசாக்கள் இப்போதுள்ளபடியே இருக்கட்டும். சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு 14 நாள் போதும். அதற்கும் மனம் வராவிட்டால், ஜப்பான், தென்கொரியக் குடிமக்களுக்குச் சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களில் கொடுக்கும் விசா ஆன் அரைவலையாவது (வந்திறங்கியதும் தரும் விசா) கஜகஸ்தானுக்கு நீட்டுங்கள். கவுண்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதுதான் பாக்கி. இந்தக் குளிர்கால சீசனுக்குள் அறிவிப்பு வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இந்தியா–கஜகஸ்தான் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள்